சுகுணா சரிபார்த்த பக்கம்

செய்தி பாதியாகத்தான் வந்தது. காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது பழைய அலுவலகக் குழுவிலிருந்து போனில் ஒரு வரி எட்டிப் பார்த்தது. “நம்முடன் பணியாற்றிய சுகுணா மேடம் இன்று அதிகாலை...” என்று மூன்று புள்ளிகளோடு நின்றது. அதிகாலை என்ற சொல்லுக்குப் பிறகு நல்ல செய்தி எதுவும் வந்து நான் பார்த்ததில்லை. ஆனாலும் திறக்கவில்லை. அந்தக் குழுவை நம்புவதற்கில்லை. உயிரோடிருந்த எங்கள் பழைய கேஷியருக்கு எல்லோரும் கைகூப்பிய படம் போட்டு, கடைசியில் அவரே வந்து ‘நான் சௌக்கியம்’ என்று எழுதிய குழு அது. சுகுணாவின் தம்பி பாபுவுக்கு போன் செய்தேன். எடுத்தவுடன் அவர் அழுதார். மாரடைப்பாம். அதற்குப் பிறகுதான் நம்பினேன்.

நம் தமிழ்ச் சங்கத்தில் பலருக்கு சுகுணாவைத் தெரியும். லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர். பொங்கல் விழா அழைப்பிதழ் அச்சுக்குப் போகுமுன் அவர் கண்ணில் பட்டே போகும். சாப்பாட்டுக்குக் கடைசிப் பந்தியில்தான் உட்காருவார். இன்னொன்றும் உங்களுக்குத் தெரியும், அல்லது தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். ஏ.எஸ்.ராவ் நகர் பெரியவர்கள் சிலருக்கு மருத்துவ அட்டை பறிபோனதற்கு இவருடைய கவனக்குறைவுதான் காரணம் என்பது. பத்து வருடமாக அவர் முதுகுக்குப் பின்னால் ஓடிய பேச்சு அது. நான் எழுத வந்தது அதைப் பற்றித்தான். அஞ்சலியில் எழுதுகிற விஷயமா இது என்று சிலர் முகம் சுளிக்கலாம். சுளித்துக்கொண்டே படியுங்கள்.

ஏ.எஸ்.ராவ் நகரில் ஒரு ஸ்வீட் கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் எங்கள் கம்பெனி இருந்தது. அரசு நிறுவனங்களுக்கு இணையப் பக்கங்கள் செய்து கொடுப்போம். திரையில் எழுத்து எங்கே உட்கார வேண்டும், எந்தப் பெட்டிக்குள் எத்தனை வரி அடங்க வேண்டும் என்பதை எழுதுவது என் வேலை. நான் எழுதியதில் ஓட்டை தேடுவது சுகுணாவின் வேலை. நாங்கள் சம வயது. ஒரே மாதத்தில்தான் சேர்ந்தோம். என் வீடு மாரெட்பள்ளி, நான் ஸ்கூட்டரில் வருவேன். அவர் பஸ்ஸில் வந்து எனக்கு முன்னாலேயே உட்கார்ந்திருப்பார். ஆபீசில் தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் இரண்டே பேர். அவருடையது வீட்டில் பேசிப் பழகிய அரக்கோணத்துத் தமிழ். நடுநடுவே ஆமாம், வேண்டாம் என்பதற்கு இந்த ஊர் உருதுவின் ஹவ்வும் நக்கோவும் தாராளமாக வரும்.

மூலையில் ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டரை அவர் வைத்திருந்தார். அதில் பழைய பிரௌசர் ஒன்று. அதைப் புதுப்பிக்க யாரையும் விடமாட்டார். ‘தாத்தா’ என்று அதற்குப் பெயர். வெளியே உலகம் எங்கேயோ போய்விட்டாலும், அரசு அலுவலகங்களிலும் ரிட்டையர் ஆனவர்கள் வீட்டிலும் தாத்தாக்கள்தான் இருந்தார்கள். ஒரே பத்தியை நான்கு பிரௌசரில் திறந்தால் நான்கு விதமாக உடையும். நாம் கேட்ட எழுத்துரு அந்தக் கம்ப்யூட்டரில் இல்லையென்றால் அது தானாகவே வேறொன்றைப் போட்டுக்கொள்ளும். அது மயிரிழை அகலமாக இருந்தாலும் போதும், நான்கு வரி ஐந்து வரியாகிவிடும். என் புது மெஷினில் பக்கம் பளபளவென்று இருக்கும். நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வேன். சுகுணா தாத்தாவிடம் போவார், திரும்பி வருவார், “அங்க ஒயுங்கா இல்ல சார்” என்பார்.

பெயர் எழுதும் கட்டத்தைச் சோதிக்க மற்றவர்கள் ஏதாவது நாலு எழுத்தைத் தட்டுவார்கள். சுகுணா அப்படிச் செய்யமாட்டார். வேங்கட சத்திய நாக லட்சுமி நரசிம்மாச்சார்யுலு என்று ஒரு பெயரைத் தயாராக வைத்திருந்தார், முன்னால் தெலுங்குக்காரர்கள் வழக்கப்படி குடும்பத்தின் வீட்டுப் பெயர் வேறு. இந்த ஊரில் அப்படிப் பெயருள்ளவர்கள் தெருவுக்கு ஒருவர் உண்டு என்பார். கட்டம் சிறியதாக இருந்தால் பாதிப் பெயரை வெட்டி மூன்று புள்ளி வைப்பது எங்கள் வழக்கம். அதை அவரிடம் ஒருமுறை பெருமையாகக் காட்டினேன். ஒரு மனுஷன் பேரை வெட்டிட்டு புள்ளி வைக்கிறீங்களே என்று கேட்டுவிட்டு, கொஞ்சம் யோசித்துச் சொன்னார்: “மூணு புள்ளியாவது இங்க இன்னும் ஏதோ கீதுன்னு சொல்லுது சார். சில பெட்டி அதுகூட சொல்றதில்ல.”

நான் ஒரு சந்தேகப் பிராணி என்று என் மனைவி சொல்வாள். பூட்டிய கதவை மூன்று முறை இழுத்துப் பார்க்கிறவன் நான். ஆனால் சுகுணாவின் சந்தேகம் வேறு ஜாதி. நான் மனிதர்களைச் சந்தேகித்தேன், அவர் திரையைச் சந்தேகித்தார். “கம்ப்யூட்டர் பொய் சொல்லாது சார், காட்டாம உட்ரும்” என்று அவர் சொன்னதை நான் வெகுநாள் நகைச்சுவையாக எண்ணி மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அவருடைய இன்னொரு வழக்கத்தையும் சொல்ல வேண்டும். ஒரு பக்கத்தைச் சரி என்று அனுப்புமுன் தாத்தாவின் திரையைக் கேமராவில் படம் எடுப்பார். ஆபீஸ் கேமராவில் பேட்டரி கழற்றும்போதெல்லாம் தேதி அழிந்துவிடும். அதனால் வீட்டுத் தினக்காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்துவந்து மானிட்டர் ஓரத்தில் ஒட்டிப் படம் எடுப்பார். ராகுகாலம், எமகண்டம், சூலம் எல்லாம் சேர்ந்தே படத்தில் விழும். ஆள்கடத்தல்காரர்கள் எடுக்கும் படம் மாதிரி இருக்கிறது என்று எல்லோரும் கேலி செய்வோம். அவர் சிரித்துக்கொண்டே படத்தை பிரின்ட் போட்டுக் கோப்பில் வைப்பார். கேமராவின் கார்டை வாராவாரம் அழித்துவிடுவார்கள். ஆகவே அந்த பிரின்ட் ஒன்றுதான் சாட்சி.

இப்போது அந்தப் பக்கத்துக்கு வருகிறேன். ஒரு பொதுத்துறை நிறுவனம் ஓய்வுபெற்ற ஊழியர்களுக்கு ஒரு தேர்வு வைத்தது. பழைய மருத்துவ அட்டையை வைத்துக்கொள்ளலாம், அல்லது அதை விட்டுப் புதிய காப்பீட்டுக்கு மாறலாம். மாறுவதற்கு ஆங்கிலத்தில் ஓர் உறுதிமொழிப் பத்தி, அதன் கீழே ‘சம்மதம்’ என்ற பொருளில் ஒரு பொத்தான். பத்தியின் கடைசி வரி, ஒருமுறை மாறினால் பழைய அட்டைக்குத் திரும்ப இயலாது என்று சொன்னது. பக்கம் முழுவதும் உருட்டாமல் ஒரே திரையில் தெரிய வேண்டும் என்றார்கள். நான் அந்தப் பத்தியை உயரம் மாறாத பெட்டியில் போட்டேன். உயரத்தை மீறுவது மறைந்துவிடும்படி எழுதியிருந்தேன். சுகுணா தாத்தாவில் பார்த்தார். கடைசி வரி பெட்டியின் விளிம்பை உரசிக்கொண்டு தெரிந்தது. இதுக்கு மேல ஒரு வார்த்த ஏறினா உழுந்துரும் சார், பெட்டியக் கொஞ்சம் தளர்த்துங்க என்றார். செய்கிறேன் என்றேன். காலண்டர் தாளோடு படம் எடுத்து, சரி என்று அனுப்பிவிட்டார். பெட்டியை நான் தளர்த்தவில்லை.

பக்கம் வெளியாகி ஒரு மாதம் கழித்து ஒரு பெரியவர் மாடியேறி வந்தார். உங்களில் பலருக்குத் தெரிந்தவர், பெயர் வேண்டாம். பக்கத்தின் அடியில் எங்கள் கம்பெனிப் பெயர் இருந்ததைப் பார்த்து விசாரித்துக்கொண்டு வந்திருந்தார். ஆஸ்பத்திரியில் மனைவியின் பழைய அட்டை செல்லாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கையில் அந்த அம்மாளின் மருந்துச் சீட்டு இருந்தது.

“நான் படிக்காம கையெழுத்துப் போடற ஆள் இல்ல தம்பி,” என்றார். “நாலு தடவ படிச்சேன். திரும்ப முடியாதுங்கற வரி அங்க இல்லவே இல்ல. வேணும்னேதான் மறைச்சு வச்சீங்களா?”

சுகுணா தாத்தாவை இயக்கிப் பக்கத்தைத் திறந்தார். கடைசி வரி இல்லை. பத்தி முற்றுப்புள்ளியோடு அழகாக முடிந்திருந்தது. கீழே ‘சம்மதம்’ மட்டும் பச்சையாக நின்றது. சுகுணாவின் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். பார்த்தவுடன் என் புத்தி என்ன சொன்னது தெரியுமா? இவள் சோதிக்கவே இல்லை, படம் எடுக்கிற கூத்தெல்லாம் வெறும் வேஷம் என்று சொன்னது.

மறுநாள் மேனேஜர் பிரசாத்தின் அறையில் கூட்டம். சுகுணா கோப்பிலிருந்து படத்தை எடுத்து மேஜையில் வைத்தார். நான் பார்த்த அன்று வரி இருந்தது, அதன் பிறகு யாரோ பக்கத்தைத் தொட்டிருக்கிறார்கள், மாற்றப் பதிவேட்டைத் திறந்து காட்டுங்கள் என்றார். டெஸ்டர்களுக்கு அதைத் திறக்கும் அனுமதி கிடையாது. பிரசாத் என்னைப் பார்த்தார். அதற்குப் பிறகு ஒரு மாற்றமும் செய்யவில்லை என்று நான் சொன்னேன். பதிவேட்டைத் திறந்து பார்க்காமலே சொன்னேன். அவ்வளவு நிச்சயம் எனக்கு. படம் இருக்கிறதே என்று பிரசாத் இழுத்தபோது, காலண்டர் தாளை என்றைக்கு வேண்டுமானாலும் ஒட்டலாமே என்றேன். எல்லோரும் படத்திலிருந்த அந்தத் தாளை உற்றுப் பார்த்தார்கள். கொஞ்சம் கசங்கியிருந்தது. கசங்கியிருந்ததே ஒரு குற்றமாகப் போயிற்று.

அத்துடன் முடிந்தது. டெஸ்டர் பார்க்காமல் விட்டுவிட்டார் என்று அந்த நிறுவனத்துக்குக் கடிதம் போனது. எழுத்தில் புகார் கொடுத்தவர்களுக்கு மட்டும் அவர்கள் மறுவாய்ப்பு கொடுத்தார்கள். பெரியவரின் மனைவிக்கு அட்டை திரும்பக் கிடைத்தது. புகார் கொடுக்கத் தெரியாதவர்கள் எத்தனை பேர் என்று யாருக்கும் தெரியாது. சுகுணாவைச் சோதனை வேலையிலிருந்து எடுத்து, கையேடு தட்டச்சு செய்யும் மேஜைக்கு மாற்றினார்கள். தாத்தாவின் மேல் யாரோ ஒரு துணியைப் போட்டு மூடினார்கள். பெரியவர் வழியாக சுகுணாவின் பெயரோடு செய்தி நம் சங்கத்துக்கும் வந்து சேர்ந்தது.

மூன்று வாரம் கழித்து வேறு எதற்கோ அந்தப் பதிவேட்டைத் திறந்தேன். சுகுணா சரி என்று அனுப்பிய இரண்டாம் நாள் ஒரு மாற்றம். உறுதிமொழியில் மூன்று சொற்களைச் சேர்த்திருந்தது: ‘என் துணைவருக்கும் சேர்த்து’ என்ற பொருளில் மூன்று ஆங்கிலச் சொற்கள். அந்த நிறுவனத்தார் போனில் கேட்டது. பக்கத்தில் குறிப்பு: ‘எழுத்து மாற்றம் மட்டும்.’ செய்தவர் பெயர் இருக்கும் இடத்தில் என் பெயர்.

நம்பினீர்களானால் நம்புங்கள், என் கடவுச்சொல்லை யாரோ திருடிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். அன்று நான் லீவில் இருந்தேனா என்று வருகைப் பதிவைக்கூடப் போய்ப் பார்த்தேன். ஆபீசில்தான் இருந்திருக்கிறேன். எங்கள் தொழிலில் எங்களுக்கு ஓர் இளக்காரம் உண்டு. கட்டளை வரியில் ஓர் அரைப்புள்ளி மாறினால்கூட மறுபடி சோதனைக்கு அனுப்புவோம். மனிதர்கள் படிக்கிற வாக்கியத்தில் நாலு சொல் கூடினால் அதை மாற்றம் என்றே கணக்கில் வைப்பதில்லை. நான் கூட்டத்தில் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே எனக்கு நினைவில்லை. இது என் வாதம். இந்த வாதத்தை நானே இப்போது நம்புவதில்லை.

அன்று மாலை பஸ் நிறுத்தத்தில் சுகுணாவைப் பிடித்தேன். சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

“எனக்கு அன்னிக்கு மீட்டிங் முடிஞ்சி சாயங்காலமே தெரியும். போட்டோவையும் பேஜையும் பக்கத்துல வச்சிப் படிச்சேன். போட்டோல அந்த மூணு வார்த்த இல்ல.”

சுருக்கென்றது. அறை நிறைய ஆட்கள் உட்கார்ந்து ஒரு காலண்டர் தாளைப் பார்த்தோமே தவிர, படத்திலிருந்த பத்தியை ஒருவரும் படிக்கவில்லை. பிரசாத்திடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“நான் மாட்டிக்கினதும் கத கட்றேன்னு சொல்லுவாங்க. அதான், நீங்களா பாக்கறீங்களான்னு உட்டுட்டேன்.”

மன்னித்துவிடுங்கள் என்றேன். பஸ் வந்துகொண்டிருந்தது. அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே சொன்னார்:

“எங்கிட்ட சொல்லி இன்னா சார் பிரயோசனம்? எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவங்க கிட்ட போய் சொல்லு.”

அத்தனை வருடத்தில் அவர் என்னிடம் ஒருமையில் பேசியது அந்த ஒரு முறைதான்.

நான் போய்ச் சொல்லவில்லை. பிரசாத்தின் அறைக்கு மூன்று முறை போனேன். ஒருமுறை லீவு கேட்டேன், ஒருமுறை ஏ.சி. சரியில்லை என்றேன், ஒருமுறை கதவு வரை போய்த் திரும்பினேன். வேலை போய்விடும் என்று பயம். அதற்கு மேல் காரணம் தேடினால் கிடைக்கும், ஆனால் எல்லாம் இதற்குப் போட்ட சட்டைதான். அத்தோடு சுகுணாவைக் கண்காணிக்கவும் ஆரம்பித்தேன். மாடிப்படியில் யாரோடாவது அவர் நின்று பேசினால் என் நடை மெதுவாகும். அவர் டிபன் பாக்ஸைத் திறந்தபடி சிரித்தால் என்னைப் பற்றித்தான் என்று தோன்றும். குற்றம் செய்தவன் நான், வேவு பார்த்தவனும் நான்.

சில மாதத்தில் அவர் வேலையை விட்டு ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் சேர்ந்தார். கடைசி நாள் என் மேஜையில் ஒரு கவர் இருந்தது. உள்ளே அந்தப் படம். கடிதம் எதுவும் இல்லை. மிரட்டுகிறார் என்றுதான் நினைத்தேன். இன்னொரு பிரதி அவரிடம் இருக்கும், என்றைக்காவது அது வெளியே வரும் என்று பத்து வருடம் காத்திருந்தேன். பொங்கல் விழாவில் அவரைப் பார்த்தால் தூண் மறைவில் நின்றேன்.

சாவுச் செய்தி வந்த அன்று லாலாகுடா போனேன். எல்லாம் முடிந்து வாசலில் உட்கார்ந்திருந்தபோது பாபுவே அந்தப் படத்தைப் பற்றிப் பேச்செடுத்தார். எதுவும் தெரியாதவன்போல இன்னொரு பிரின்ட் இருக்கிறதா என்று கேட்டேன். அந்த நேரத்திலும் என் புத்தி போன போக்கைப் பாருங்கள்.

“ஒண்ணுதான் சார் இருந்திச்சி. அதப் போய் உங்க கைல குடுத்துட்டு வந்தியேன்னு நான் அக்காவோட சண்ட போட்டேன். அவர்கிட்டயே இருக்கட்டும், எப்பனா ஒருநாள் எடுத்துக் காட்டுவார்னு அக்கா சொல்லிச்சி.”

தன் பெயரைக் காப்பாற்ற இருந்த ஒரே சாட்சியை அவர் என்னிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். யாரையும் எதையும் ஒருமுறைக்கு இருமுறை பார்க்கிறவர் என்னை எப்படி நம்பினார்? அல்லது நம்பவில்லையா, கடைசிவரை சோதித்துக்கொண்டுதான் இருந்தாரா? எனக்குத் தெரியவில்லை. எப்படிப் பார்த்தாலும் நான் தேறவில்லை.

நேற்று அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். மனைவி காலமாகிவிட்டார், அவர் மட்டும் இருக்கிறார். கடைசிவரை கேட்டார். பிறகு சொன்னார்: “பந்தியில அந்தப் பொண்ணு பக்கத்துல வந்து உக்காந்தா நான் எழுந்து வேற எலைக்குப் போயிருவேன். பத்து வருஷமா. இத அவ இருக்கும்போது சொல்லியிருக்கக் கூடாதா தம்பி?”

சுகுணா கடைசிப் பந்திக்குப் போனது ஏன் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

பிரசாத்துக்குத் தமிழ் தெரியாது என்றுதானே தமிழில் எழுதுகிறீர்கள் என்று சுகுணா கேட்டிருப்பார். அதனால் இதையே ஆங்கிலத்தில் எழுதி இன்று காலை அவருக்கும் பழைய அலுவலகக் குழுவுக்கும் அனுப்பிவிட்டேன். படித்துவிட்டார்கள் என்று நீல டிக் சொல்கிறது. பதில் இன்னும் இல்லை.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அவருடைய சந்தேகம். அதை இப்போது என் பக்கமே திருப்பிப் பிடிக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். இரண்டாவது, அந்தப் படம். அதை என்னிடம் வைத்துக்கொள்ளும் யோக்கியதை எனக்கு இல்லை. ஞாயிற்றுக்கிழமை அஞ்சலிக் கூட்டத்தில் சங்க மேஜைமேல் வைக்கிறேன், வந்து பாருங்கள். அந்தப் பக்கத்தை சுகுணா பார்த்திருந்தார். பக்கம் சரியாக இருந்தது. அதை மாற்றியவன் நான், மாற்றவில்லை என்று சொன்னவனும் நான். ஓரத்தில் ஒட்டியிருக்கும் காலண்டர் தாளைப் பார்க்க வேண்டாம். எழுத்தைப் படியுங்கள், கடைசி வரி வரைக்கும்.